சைலன்சர் மாற்றியதும் ஸ்ப்ளெண்டர் தவங்குகிறது: ஜெட்டில் கை வைக்கலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டவரிடம் இருப்பது 2012 மாடல் ஸ்ப்ளெண்டர். கூடவே வந்த சைலன்சர் துருப்பிடித்துப் போனதால் வெளியில் கிடைக்கும் ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார். ஏர் ஃபில்டர் பக்கம் போகவில்லை. அதிலிருந்து சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி ஒரு கணம் தவங்குகிறது, ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கிறது, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளையாக இருக்கிறது. மெக்கானிக் "மெயின் ஜெட்டைப் பெருசாப் போட்டுடலாம்" என்கிறார். போடலாமா? அடுத்த மாதம் ஊட்டி வேறு போக வேண்டும், அதற்கும் ஏதாவது மாற்ற வேண்டுமா?

தம்பி, இப்போதைக்கு மெயின் ஜெட்டைத் தொடாதீர்கள். நீங்கள் சொல்லும் கோளாறு இருக்கும் இடத்தில் மெயின் ஜெட்டுக்கு வேலையே கிடையாது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். அதில் பெட்ரோலை யாரும் பம்ப் செய்வதில்லை. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது அந்தக் காற்று ஒரு குறுகலான கழுத்து வழியாக வேகமாகப் போகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே ஃப்ளோட் சேம்பர் என்ற கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல்மேல் வெளிக்காற்றின் முழு அழுத்தமும் இருக்கிறது. அந்த அழுத்த வித்தியாசம்தான் பெட்ரோலை மேலே தள்ளுகிறது. வழியில் அளந்து துளை போட்ட பித்தளைத் துண்டு ஒன்று இருக்கிறது, அதுதான் ஜெட். துளை பெரிதானால் பெட்ரோல் அதிகம், வண்டி ரிச். சிறிதானால் காற்று ஜாஸ்தி, வண்டி லீன். இவ்வளவுதான் தத்துவம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஐட்லிங்கில் உறிஞ்சும் காற்றுக்கும் முழு ஆக்சிலேட்டரில் உறிஞ்சும் காற்றுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஒரே துளையால் இரண்டையும் சமாளிக்க முடியாது. அதனால் கார்புரேட்டருக்குள் வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆக்சிலேட்டர் மூடியிருப்பதிலிருந்து ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரை பைலட் ஜெட்டும் அதோடு சேர்ந்த ஸ்க்ரூவும். அதற்கு மேல் கால் பங்கு வரை ஸ்லைடின் (ஆக்சிலேட்டர் கேபிள் மேலே தூக்கும் அடைப்பானின்) அடியில் சாய்வாக வெட்டியிருக்கும் வெட்டு. கால் பங்கிலிருந்து முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியும் அது இறங்கும் குழாயும். முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட். எல்லைகள் கோடு போட்டதுபோல இருக்காது, ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது ஏற்கெனவே ஆரம்பித்திருக்கும். ஆனால் சிக்னலில் கிளம்பும்போது தவங்குவது, கையை விட்டதும் வெடிப்பது, இரண்டுமே கால் பங்குக்குக் கீழே நடப்பவை. அங்கே மெயின் ஜெட்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் தவங்கல் அப்படியே இருக்கும். மைலேஜ் மட்டும் போகும்.

இதில் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. மேலே சொன்ன கால், அரை, முக்கால் எல்லாம் ஆக்சிலேட்டர் திறப்பின் கணக்கு. ஸ்பீடாமீட்டரோடு அதற்குச் சம்பந்தமில்லை. நான்காவது கியரில், சமதரையில், ஒற்றை ஆளாக 50-ல் போகும் வண்டியில் ஆக்சிலேட்டர் பாதிகூடத் திறந்திருக்காது. அதே வண்டி பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு பாலம் ஏறும்போது 35-லேயே முழுக்கத் திறந்திருக்கும். "அறுபதுக்கு மேல போனா இழுக்கல" என்று சொன்னால் மெக்கானிக்குக் கிடைக்கும் தகவல் குறைவு. "முக்காலுக்கு மேல் முறுக்கினால் இழுக்கவில்லை, கொஞ்சம் விட்டால் சரியாகிறது" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். கைப்பிடி ரப்பரின் உள்பக்க ஓரத்தில் வெள்ளை இன்சுலேஷன் டேப்பில் ஒரு சின்னத் துண்டு ஒட்டுங்கள். அதற்கு எதிரே அசையாமல் இருக்கும் சுவிட்ச் பெட்டியிலும் ஒரு டேப். முதலில் கேபிளின் லூஸை முழுக்க எடுத்துவிட்டு, ஸ்லைடு எழும்பத் தொடங்கும் இடத்தைச் சுழி என்று குறியுங்கள். முழுக்க முறுக்கி முடிவைக் குறியுங்கள். நடுவில் கால், அரை, முக்கால். இரண்டு நாள் வழக்கம்போல ஓட்டி, எந்தக் கோட்டில் எந்தக் கோளாறு வருகிறது என்று கவனியுங்கள். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்க வேண்டாம், கோளாறு வந்ததும் கையை அப்படியே வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தால் போதும்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். மாற்றியது சைலன்சர். எனவே முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டோடு சைலன்சர் சேரும் இடம். அங்கே ஒரு வளையப் பேக்கிங் இருக்கும். சைலன்சரைக் கழற்றினால் அதைப் புதிதாகப் போட வேண்டும், பெரும்பாலும் பழையதையே வைத்து முடுக்கிவிடுவார்கள். அது சரியாக உட்காராவிட்டால், ஆக்சிலேட்டரை விடும் நேரத்தில் வெளிக்காற்று அந்த இடுக்கு வழியாக உள்ளே போகும். எரியாமல் வந்த பெட்ரோல் ஆவி அந்தக் காற்றோடு சேர்ந்து சூடான குழாய்க்குள் எரிகிறது. நீங்கள் கேட்கும் பட் பட் அதுதான். ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்த உடனே அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கதை முடிந்தது. இணைப்பைச் சுற்றி ஹெட்டில் கறுப்பாகக் கரிக்கோடு படிந்திருந்தாலும் அதே அர்த்தம். பேக்கிங்குக்கு ஆகும் காசு ஒரு டீ, வடைக்குமேல் பெரிதாகப் போகாது. சில வண்டிகளில் புகையைக் குறைப்பதற்காக ஹெட்டின் எக்ஸாஸ்ட் பக்கம் காற்றை விடும் சின்ன வால்வும் ரப்பர் ஹோஸும் இருக்கும். அந்த ஹோஸ் வெடித்திருந்தாலும் இதேபோல வெடிக்கும்.

அடுத்தது கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள இடம். சைலன்சர் வேலை நடக்கும்போது இதையும் சேர்த்துக் கழற்றிச் சுத்தம் செய்திருப்பார்கள். இரண்டு நட்டையும் வெறி பிடித்ததுபோல் முடுக்கியிருந்தால், கார்புரேட்டரின் அலுமினிய ஃபிளேஞ்ச் (நட்டு போட்டுப் பொருத்தும் தட்டை முகம்) வளைந்துபோய் நடுவில் இடைவெளி விழும். ஓ-ரிங் தட்டையாகிப் போயிருக்கலாம், இன்சுலேட்டர் வெடித்திருக்கலாம். எது ஆனாலும் ஃபில்டருக்கும் ஜெட்டுக்கும் தெரியாமல் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. இதற்குத் தனி அடையாளம் உண்டு: ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் உடனே இறங்காமல் மேலேயே தொங்கும், ஒரு நாள் ஐட்லிங் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி. வண்டியை ஐட்லிங்கில் விட்டு அந்த இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால், லீக் இருக்கும் இடத்தில் தண்ணீர் படும் கணத்தில் எஞ்சின் சத்தம் மாறும். சிலர் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிப்பார்கள். சூடான எஞ்சின் பக்கத்தில் அது தீப்பிடிக்கக்கூடிய சமாச்சாரம், நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஃபிளேஞ்சைக் கழற்றி ஒரு ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை அதன்மேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். மேசைமேல் கண்ணாடி வைத்து, அதன்மேல் மெல்லிய எமரி பேப்பர் விரித்து, ஃபிளேஞ்சைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் தட்டையாகிவிடும். தேய்ப்பதற்கு முன் துளைகளை அடைத்துவிடுங்கள், தேய்த்த பிறகு கழுவுங்கள்.

இந்த இரண்டும் சுத்தம் என்றால்தான் பைலட் ஜெட்.

பைலட் ஜெட்டின் துளை மிகச் சிறியது. 35 என்று எண் போட்டிருந்தால் துளையின் விட்டம் 0.35 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. வண்டியைச் சில வாரம் ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் முதலில் அடைபடுவது இதுதான். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், ஃப்ளோட் சேம்பரின் அடியில் தண்ணீர் சேரும், அலுமினியம் பூத்து வெள்ளைப் பொடி உதிரும். சேம்பரைக் கழற்றினால் அடியில் சுண்ணாம்பு மாதிரி ஒரு படிவு தெரிந்தால், பைலட் ஜெட்டின் நிலைமையை அதிலிருந்தே ஊகிக்கலாம்.

அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். துளைக்குள் வட்டமாக, கூர்மையான ஓரத்தோடு வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். பிறை வடிவிலோ மங்கலாகவோ தெரிந்தால் அழுக்கு. கார்ப் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, மறுபடி பாருங்கள். கம்பி விட்டுக் குத்த வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். கிளட்ச் கேபிளிலிருந்து ஒரு இழை பிரித்துக் குத்துவது எல்லாக் கடையிலும் நடப்பதுதான். அது எஃகு, ஜெட் பித்தளை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.35 துளை 0.38 ஆனால் விட்டத்தில் வித்தியாசம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் பெட்ரோல் போவது பரப்பளவைப் பொறுத்து, பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து. அந்த 0.03 மில்லிமீட்டரில் பரப்பளவு ஏறக்குறைய 18 சதவீதம் கூடிவிடுகிறது. அப்புறம் என்ன ட்யூனிங் செய்தாலும் ஐட்லிங் நிற்காது. அதே 0.03-ஐ 0.90 அளவுள்ள மெயின் ஜெட்டில் கூட்டினால் 7 சதவீதம்கூட வராது. குத்தித்தான் ஆக வேண்டும் என்றால் டூத் பிரஷ்ஷின் நைலான் இழை போதும். சில கார்புரேட்டர்களில் பைலட் ஜெட் அழுத்திச் சொருகியதாக இருக்கும், கழறாது. அதைக் கழற்றப் போய் உடைக்காமல், இருந்த இடத்திலேயே ஸ்ப்ரே விட்டுக் காற்றடியுங்கள்.

ஸ்க்ரூடிரைவர் விஷயத்தில் ஒரு வார்த்தை. ஜெட்டின் காடிக்குச் சரியாக, அகலமும் தடிமனும் பொருந்தும் டிரைவரை வைத்து அழுத்திப் பிடித்துத் திருப்ப வேண்டும். சின்னது வைத்துத் திருப்பினால் பித்தளை நசுங்கி, அடுத்தமுறை ஜெட்டே வெளியே வராது.

இப்போது ஸ்க்ரூ. கார்புரேட்டரின் பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூ தெரியும். ஸ்லைடைத் தூக்கி ஐட்லிங் ஏற்றுவது ஒன்று. இன்னொன்று காற்றையோ கலவையையோ அளப்பது. இந்த இரண்டாவது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பாருங்கள். ஸ்லைடுக்கு ஏர் ஃபில்டர் பக்கமாக இருந்தால் அது காற்றை அளக்கிறது, உள்ளே முடுக்கினால் ரிச், வெளியே விட்டால் லீன். எஞ்சின் பக்கமாக இருந்தால் அது பெட்ரோல் கலந்த கலவையை அளக்கிறது, அங்கே நேர் எதிர்: வெளியே விட்டால் ரிச். கடையில் இரண்டையும் ஏர் ஸ்க்ரூ என்றுதான் சொல்வார்கள், அதனால் பெயரை நம்பாமல் இடத்தைப் பாருங்கள்.

ஐந்து, பத்து கிலோமீட்டர் ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருப்பி, உட்காரும் இடம் வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். "மெதுவாக" என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள், ஊசி முனை உட்கார்வது விரல் நுனியில் லேசாகத் தெரியும், அதோடு நிறுத்த வேண்டும். அழுத்தினால் முனை உடைந்து கார்புரேட்டருக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஐட்லிங்கைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில விநாடி பொறுங்கள். ஆர்பிஎம் எங்கே அதிகமாக, சீராக இருக்கிறதோ அதுதான் இடம். அப்புறம் ஐட்லிங்கை இறக்கி மறுபடி ஒருமுறை பாருங்கள்.

அந்த நல்ல இடம் ஒன்றிலிருந்து இரண்டரைச் சுற்றுக்குள் வந்தால் பைலட் ஜெட் சரியான அளவில்தான் இருக்கிறது. எஞ்சின் பக்க ஸ்க்ரூவை மூன்று சுற்றுக்குமேல் விட்டும் வண்டி இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தால் பைலட் ஜெட் சிறிது, அல்லது அடைப்பு முழுக்கப் போகவில்லை. ஃபில்டர் பக்க ஸ்க்ரூவாக இருந்து, முக்கால் சுற்றுக்கும் உள்ளே போனால்தான் நிற்கிறது என்றாலும் அதே முடிவு. அப்போது அடுத்த எண் பைலட் ஜெட் போடலாம். உங்கள் விவரத்தைப் பார்த்தால், பேக்கிங், லீக், அடைப்பு, ஸ்க்ரூ இந்த நான்குக்குள்ளேயே முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். ஃபில்டர் பெட்டி அப்படியே இருக்கும்போது சைலன்சர் மாற்றத்துக்காக மட்டும் 100 சிசி வண்டிக்கு ஜெட் மாற்ற வேண்டிய தேவை குறைவு. ஃபில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுக் குமிழ் ஃபில்டர் மாட்டுபவர்களின் கதை வேறு. அங்கே ஊசி, மெயின், பைலட் மூன்றும் ஆடிப்போகும், அந்த வழிக்குப் போகாதீர்கள்.

வெள்ளைப் பிளக்கைப் பற்றி. காப்பிப்பொடி நிறம் இருந்தால் நல்லது, வெள்ளை என்றால் லீன் என்று சொல்லிக்கொடுத்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் இருந்தது. இந்தியாவில் 2000 பிப்ரவரியோடு ஈயப் பெட்ரோல் நின்றுவிட்டது. இப்போது எத்தனால் வேறு. சரியாக ஓடும் எஞ்சினிலேயே பிளக்கின் பீங்கான் மூக்கு வெளிறித்தான் இருக்கும். அதோடு, வீட்டுக்கு வந்து ஐட்லிங்கில் நிறுத்திக் கழற்றிய பிளக் ஐட்லிங்கின் கதையைத்தான் சொல்லும், முழு ஆக்சிலேட்டரின் கதையை அல்ல. வெள்ளையோடு சேர்த்து மூக்கில் கொப்புளம்போலப் பொரிந்திருக்கிறதா, உலோகத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

எத்தனாலின் பங்கையும் ஒதுக்க முடியாது. வெறும் பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்ததற்கு 13.5 கிலோ அளவில் வருகிறது. ஜெட் அதே ஜெட், காற்று அதே காற்று. அதனால் பழைய பெட்ரோலை வைத்து அமைத்த வண்டி இன்றைய பங்க் பெட்ரோலில் 7, 8 சதவீதம் லீனாக ஓடுகிறது. ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும், கார்புரேட்டருக்கு அந்த வசதி இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு புது வண்டிகளில் கார்புரேட்டரே கிட்டத்தட்டப் போய்விட்டது என்பதால், இந்த வேதனை பழைய வண்டிக்காரர்களுக்கு மட்டும்தான். முன்பே லீன் ஓரத்தில் இருந்த வண்டி, சைலன்சர் மாற்றியதும் அந்த ஓரத்தைத் தாண்டியிருக்கலாம். ஸ்க்ரூவில் அரைச் சுற்று ரிச் பக்கம் கொடுத்ததும் தவங்கல் போய்விட்டால் அதுதான் காரணம்.

லீனா ரிச்சா என்று சந்தேகம் வந்தால் எளிய சோதனைகள் உண்டு. கோளாறு வரும் அதே திறப்பில் ஓட்டிக்கொண்டு சோக்கை லேசாக இழுங்கள். இழுத்ததும் வண்டி தெளிந்தால் லீன், மேலும் மூச்சுத் திணறினால் ரிச். இன்னொன்று எனக்குப் பிடித்தது: ஐட்லிங்கில் விட்டுப் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு நில்லுங்கள். சேம்பரில் மட்டம் இறங்க இறங்கக் கலவை லீனாகிக்கொண்டே போகும். நிற்பதற்குச் சற்று முன் ஆர்பிஎம் தானாக ஏறினால், அதுவரை வண்டி ரிச்சாக இருந்திருக்கிறது. ஏறாமல் தடுமாறி நின்றுவிட்டால் ரிச்சாக இல்லை. சூடேறும் விதமும் சொல்லும். குளிரில் நன்றாக ஓடி, சூடானதும் மந்தமாகும் வண்டி ரிச். காலையில் சோக்கை விடவே மாட்டேன் என்று அடம் பிடித்து, சூடான பிறகு கொஞ்சம் தேறும் வண்டி லீன்.

பக்கத்துப் புகைச் சோதனை மையத்தையும் பயன்படுத்துங்கள். சர்டிபிகேட்டை மடித்துப் பெட்டியில் வைப்பதற்கு முன் அதில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. 2000 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இந்தத் தலைமுறை இரு சக்கர வண்டிகளுக்கு 3.5 சதவீதம் வரை அனுமதி. ஐட்லிங்கில் எடுக்கும் அளவு என்பதால் அது பைலட் ஜெட்டின் ஜாதகம்தான். ஒன்றுக்கும் கீழே வந்தால் லீன் பக்கம், மூன்றைத் தாண்டினால் ரிச் பக்கம். சைலன்சரில் லீக் இருந்தால் மட்டும் எண் பொய் சொல்லும், அதனால் பேக்கிங் வேலையை முடித்துவிட்டுப் போங்கள்.

மெயின் ஜெட்டை எப்போதுதான் சந்தேகப்படுவது? ஆள் நடமாட்டம் இல்லாத லேசான ஏற்றத்தில், டாப் கியரில், முழுக்க முறுக்கிப் பிடியுங்கள். வேகம் நிலைத்ததும் கையை மிகக் கொஞ்சம், எட்டில் ஒரு பங்கு மட்டும் திருப்பி விடுங்கள். விட்டதும் வண்டி இன்னும் வேகமெடுத்தால் மெயின் ஜெட் சிறிது. முழுத் திறப்பிலேயே குரல் கனத்து, பொத்துப் பொத்தென்று மிஸ்ஸிங்போல ஓடிக்கொண்டிருந்து, விட்டதும் தெளிந்தால் பெரிது. லேசாக வேகம் குறைந்து அமைதியாக வந்தால் சரி. சிறிது என்று தெரிந்தால்கூட உடனே ஜெட்டுக்கு ஓடாமல், டேங்க் மூடியைத் திறந்து வைத்தபடி பெட்ரோல் காக்கிலிருந்து ஒழுகு நன்றாக வருகிறதா என்று பாருங்கள். பிறகு மூடியை மூடி அதே சோதனை. மூடியதும் சற்று நேரத்தில் ஒழுகு மெலிந்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஃப்ளோட் மட்டம், அதாவது சேம்பரில் மிதவை நிறுத்தி வைக்கும் பெட்ரோல் மட்டம், இறங்கியிருந்தால் எல்லாத் திறப்பிலும் லீன், ஏறியிருந்தால் எல்லாத் திறப்பிலும் ரிச். ஒரு கோட்டில் மட்டும் கோளாறு என்றால் ஃப்ளோட்டைக் குறை சொல்ல வேண்டாம்.

அப்படியும் மாற்ற வேண்டியிருந்தால் ஒரே ஒரு எண் மட்டும் ஏற்றுங்கள், ஓட்டிப் பாருங்கள். அதே கம்பெனியின் ஜெட்டாக இருக்கட்டும். சில கம்பெனிகளில் எண் என்பது துளையின் விட்டம், சிலவற்றில் ஒரு நிமிடத்தில் எவ்வளவு பெட்ரோல் போகிறது என்ற அளவு. ஒன்றின் 90 இன்னொன்றின் 90 ஆகாது. பாக்கெட் பெயரில்லாமல் டப்பாவில் கொட்டி விற்கும் ஜெட்டில் எண் ஒன்றாகவும் துளை வேறாகவும் இருக்கும்.

பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டி என்பதால் ஊசியையும் சொல்லிவிடுகிறேன். ஊசி அந்தக் குழாய்க்குள் வருஷக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து உரசுகிறது. குழாயின் வாய் வட்டமாக இருந்தது முட்டை வடிவமாகிவிடும், ஊசியிலும் ஒரு பக்கம் பளபளப்பாகத் தேய்மானம் தெரியும். அந்த இடைவெளியில் பெட்ரோல் கூடுதலாக ஏறும். நாம் ஓட்டுவதில் பெரும்பங்கு கால் முதல் அரை வரைதான் என்பதால் மைலேஜ் அங்கேதான் கரைகிறது. அதைப் பார்த்து மெயின் ஜெட்டைச் சிறிதாக்குவார்கள், மைலேஜ் வராது, ஏற்றத்தில் இழுவை மட்டும் போகும். ஊசியையும் குழாயையும் ஜோடியாக மாற்றுவதுதான் வழி. புது ஊசியில் நடு அளவு லீனாகத் தோன்றினால், காடி பல இருந்தால் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கலாம், அப்போது ஊசி மேலே எழும்பும். கம்யூட்டர் வண்டிகள் பலவற்றில் ஒரே காடிதான். அங்கே கிளிப்புக்கு அடியில் அரை மில்லிமீட்டர் வாஷர் ஒன்றைப் போடுவார்கள், அதுவும் சரியான வேலைதான்.

இதே பதிலை 150 சிசி வண்டி வைத்திருப்பவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவற்றில் பெரும்பாலும் ஸ்லைடைக் கேபிள் தூக்காது, ரப்பர் டயாப்ரம் வழியாக வெற்றிடம் தூக்கும். கைப்பிடித் திறப்பும் ஸ்லைடின் உயரமும் ஒன்றாக இருக்காது. முறுக்கினாலும் வேகம் ஏறவில்லை என்றால் முதலில் டயாப்ரத்தில் ஊசித்துளை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் லீன் என்றால் மைலேஜ் பிரச்சினையோடு நிற்காது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆயில் பம்பை எடுத்துவிட்டு டேங்கில் ஆயில் கலந்து ஓட்டுபவர்கள் கவனிக்க: அதே ஜெட் வழியாக இப்போது ஆயிலும் போகிறது, அதனால் பெட்ரோலின் பங்கு குறைகிறது. பாதுகாப்புக்கென்று ஆயிலைக் கூட்டினால் கலவை லீனாகும்.

கடைசியாக ஊட்டி. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. ஆனால் காற்று லேசாகும்போது அது உறிஞ்சும் பெட்ரோலும் ஓரளவு குறைவதால், வண்டி ரிச்சாவது அதில் பாதிதான், 10 சதவீதம் அளவில். மலைக்குளிர் காற்றை அடர்த்தியாக்கி அதிலும் கொஞ்சத்தைச் சரிக்கட்டிவிடும். பர்லியாறு தாண்டி குன்னூர் ஏறும்போது இழுவை குறைவது பெரும்பாலும் காற்று குறைவதால், அதை எந்த ஜெட்டாலும் திருப்பித் தர முடியாது. இரண்டு நாள் பயணத்துக்கு ஜெட் மாற்ற வேண்டாம். மேலே போய் ஐட்லிங் அடைத்துக்கொண்டு நின்றால் மட்டும் ஸ்க்ரூவைக் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று லீன் பக்கம் திருப்புங்கள். எவ்வளவு திருப்பினீர்கள் என்று போனில் குறித்து வைத்து, மேட்டுப்பாளையத்துக்கு இறங்கியதும் டீ குடிக்கும் இடத்திலேயே பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், ஸ்க்ரூடிரைவரைப் பையின் அடியில் போட வேண்டாம்.